கேட்பாரின்மை: ஒரு ஸ்பானியச் சொல்லின் வரலாறு

சங்கத்து மலருக்கு இந்த ஆண்டு என்ன எழுதப் போகிறீர்கள் என்று மலர்க்குழு அன்பர் தொலைபேசியில் கேட்டார். "ஸ்பானிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது, அதைப் பற்றி" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏன் ஐயா, நமக்கும் ஸ்பானிஷ்காரனுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்?" என்றார். நியாயமான கேள்விதான். நாற்பது ஆண்டுகளாகக் கடையில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கலைப் பார்த்தவன் நான். ஆகையால் விடையையும் அந்த வழியிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தச் சொல் 'இம்புனிதாத்'. செய்த குற்றத்துக்குத் தண்டனை இல்லாமற் போவது என்பது அகராதிப் பொருள். ஸ்பானிய அரசக் கழகத்தின் அகராதி அதற்கு மேல் ஒன்றும் விரித்துச் சொல்லவில்லை. ஆனால் அர்ஜென்டினா, உருகுவே, சிலி, குவாத்தமாலா போன்ற நாடுகளில் இந்தச் சொல் அகராதியில் அடங்காத கனத்தோடு வழங்குகிறது. தாய்மார்கள் தெருவில் ஏந்திய அட்டைகளில் அது இருந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளில் இருக்கிறது. ஒரு பன்னாட்டு ஆணையத்தின் பெயரிலேயே இடம்பெற்றது. தனி ஒருவனின் குற்றத்தைக் குறித்த சொல், ஒரு நாட்டின் நோய்க்குப் பெயரானது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்பதையும் என் சிற்றறிவுக்கு எட்டியபடி முடிவில் சொல்கிறேன்.

சொல்லின் வேர்

முதலில் ஓர் எச்சரிக்கை. 'இம்புனிதாத்' என்று காதில் விழுந்தவுடன் நடுவில் 'புனிதம்' இருக்கிறதே என்று நம்மவர்கள் துள்ளிக் குதிக்கக்கூடும். நானும் முதல் நாள் துள்ளினேன். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இதன் மூலம் லத்தீன் 'இம்பூனிதாஸ்'. முன்னால் இருப்பது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. நடுவில் இருப்பது 'பொயெனா', அதாவது தண்டனை. இந்தப் பொயெனாவை உரோமர்கள் கிரேக்கரிடம் கடன் வாங்கினார்கள். கிரேக்கத்தில் அது 'பொய்னே'. ஒருவனைக் கொன்றவன் கொலையுண்டவனின் சுற்றத்தாருக்குக் கட்ட வேண்டிய ஈட்டுப் பணம் என்பதே அதன் பழைய பொருள்.

ஹோமரின் இலியத் காப்பியத்தில் 18ஆம் காண்டத்தில், அக்கிலீஸ் என்னும் வீரனுக்காகச் செய்யப்பட்ட கேடயத்தின் வருணனை வருகிறது. கேடயத்தில் பொறித்த காட்சிகளில் ஒன்று ஊர்ச் சந்தைவெளியில் நடக்கும் ஒரு வழக்கு. கொலையுண்ட ஒருவனுக்குரிய ஈட்டுப் பணம் பற்றித் தகராறு. ஒருவன் முழுவதும் கொடுத்து விட்டதாகச் சொல்கிறான். மற்றவன் எதையும் ஏற்க மறுக்கிறான். பெரியவர்கள் கல்லிருக்கைகளில் அமர்ந்து விசாரிக்கிறார்கள். ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து சத்தம் போடுகிறது.

படித்தபோது இது நம் கடைத்தெருப் பஞ்சாயத்து போலவே இருந்தது. தண்டனை என்ற கருத்தே ஆதியில் ஒரு கணக்கு வழக்காகத்தான் இருந்திருக்கிறது. ஒருவர் பற்று, ஒருவர் வரவு. நடுவில் பலர் அறியக் கேட்கும் பெரியவர்கள். அப்படியானால் தண்டனையின்மை என்பது தீராத பாக்கி.

பொயெனா ஸ்பானியத்தில் 'பேனா' என்றாகியது. நாம் எழுதும் பேனாவும் ஐரோப்பியச் சொல்தான், ஆனால் அது வேறு. இறகைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து நமக்கு வந்தது. தற்செயலாக இரண்டும் ஒரே ஒலி. ஸ்பானியப் பேனாவுக்குத் தண்டனை என்றும் பொருள், மனத்துயரம் என்றும் பொருள். மரண தண்டனையைச் சொல்லவும் அதே சொல், 'எவ்வளவு வருத்தமான செய்தி' என்று அங்கலாய்க்கவும் அதே சொல். மெக்சிகோவிலும் அதன் சுற்றுப்புற நாடுகளிலும் வெட்கம் என்ற பொருளிலும் வழங்குகிறது. தண்டனை, துயரம், வெட்கம் ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருப்பதை அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தப்பித்தல் வேறு, இது வேறு

தமிழில் இதைப் பெரும்பாலும் 'தண்டனையிலிருந்து தப்பித்தல்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் திருப்தி இல்லை. தப்பித்தவன் ஓடுகிறான், ஒளிகிறான், பெயரை மாற்றிக்கொள்கிறான். அவனைத் தேடும் ஆள் ஒருவன் இருக்கிறான் என்பதே அதன் பொருள். சாமர்த்தியமாக நழுவியவனுக்கு ஸ்பானியத்திலும் தனி வழக்கு உண்டு. 'ரோஜாப் பூவோடு போய்விட்டான்' என்கிற மாதிரி, 'இர்ஸே தெ ரோஸீதாஸ்' என்பார்கள். இம்புனிதாதை அனுபவிப்பவன் ஓடுவதுமில்லை, ஒளிவதுமில்லை. அவன் தெருவில் நடக்கிறான், காப்பிக் கடையில் உட்காருகிறான், ஓய்வூதியம் வாங்குகிறான்.

இதையொட்டி நிற்கும் வேறு சில சொற்களையும் பிரித்தறிய வேண்டும். 'இன்முனிதாத்' என்று ஒன்று உண்டு. ஒலி கிட்டத்தட்ட அதேதான். பதவி காரணமாகச் சட்டம் தரும் விலக்கு அது. 'இந்துல்தோ' என்பது தண்டனை விதிக்கப்பட்டவனுக்கு ஆட்சித் தலைவர் தரும் மன்னிப்பு. 'அம்னிஸ்தீயா' என்பது பொதுமன்னிப்பு. அதன் கிரேக்க மூலத்துக்கு 'மறதி' என்று பொருள்.

கணக்கர்களுக்கென்றே செய்தது போன்ற ஒரு பழமொழியும் அம்மொழியில் இருக்கிறது. 'பொர்ரோன் இ க்வெந்தா நுவேவா'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மைத்தீற்றலும் புதுக்கணக்கும்'. பழையதன்மேல் மையைக் கொட்டிவிட்டுப் புதுக்கணக்குத் தொடங்குவோம், நடந்ததை விட்டுவிடுவோம் என்பது கருத்து. நாமும் ஆண்டுக்கு ஒருமுறை மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுக்கணக்குப் போடுகிறோம். ஆனால் பழைய பேரேட்டில் உள்ள பாக்கியைப் புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஏற்றிவிட்டுத்தானே தொடங்குகிறோம்! பாக்கியை ஏற்றாத புதுக்கணக்கு, கணக்கே இல்லை.

பழைய ஏற்பாடு

ஸ்பானிய அரசு இதை அறியாத அரசு இல்லை. அமெரிக்கக் கண்டத்தை ஆண்ட காலத்தில் அதனிடம் 'ஹுயீஸியோ தெ ரெஸிதென்ஸியா' என்ற ஏற்பாடு இருந்தது. 'தங்கியிருந்து விசாரணை' என்று சொல்லலாம். அரசப் பிரதிநிதியானாலும் ஆளுநரானாலும் பதவிக் காலம் முடிந்ததும் ஊரைவிட்டுப் புறப்பட முடியாது. விசாரணை நடக்கப்போகிறது என்று ஊரில் பறையறைவிக்கப்படும். குறையுள்ளவர் எவரும், அந்நாட்டுப் பூர்வகுடிகள் உட்பட, வந்து முறையிடலாம். மெக்சிகோவை வென்ற ஏர்னான் கோர்தேஸ்மீதே 1520களில் இவ்விசாரணை தொடங்கப்பட்டது.

எழுத்தில் இருந்ததெல்லாம் நடப்பில் இருந்தது என்று சொல்ல வரவில்லை. பதவிக்கு வரும் புதியவரே பல சமயம் விசாரிப்பவராகவும் இருந்ததால், கையூட்டுக்கு நிறைய இடமிருந்தது. பூர்வகுடிகள் பட்ட பாடு உலகறிந்தது. ஆனாலும் கணக்கு ஒப்படைக்காமல் கடையைவிட்டுப் போகாதே என்ற கொள்கையாவது ஏட்டில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஏற்பாடு மறைந்தது. பின்னர் வந்த சுதந்திர நாடுகளில் இராணுவத் தலைவர்கள் பலமுறை ஆட்சியைப் பிடித்தார்கள், பலமுறை விட்டுப் போனார்கள். போகும்போது அவர்களைத் தங்கச் சொல்லிக் கேட்கும் பறை மட்டும் இல்லை.

பியூனஸ் அயர்ஸ் சதுக்கம்

அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆட்களை இரவில் வீடு புகுந்து தூக்கிப் போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்பதற்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. 'காணாமற்போனவர்' என்பது ஒரு வகுப்பின் பெயராயிற்று. 1979இல் இராணுவ ஆட்சித் தலைவர் விதேலா பத்திரிகையாளர் கூட்டத்தில், காணாமற்போனவர் உயிரோடும் இல்லை, இறந்தும் இல்லை, அவர் ஒன்றுமே இல்லை என்கிற பொருளில் பேசினார். பற்றிலும் எழுத முடியாது, வரவிலும் எழுத முடியாது என்று அரசே சொன்ன மாதிரி.

1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு பெண்கள், ஆட்சி மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். பெரும்பாலோர் பிள்ளையைத் தேடும் தாய்மார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடங்கள் என்று காவலர்கள் விரட்டினார்கள். சரி என்று நடக்கத் தொடங்கினார்கள். சதுக்கத்தைச் சுற்றி, தலையில் வெள்ளைத் துணி கட்டி, வாரந்தோறும் நடந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அவர்களில் மூவரையே தூக்கிப் போய்க் கொன்றார்கள். அந்த மூவரின் எலும்புகள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. மற்றவர்கள் நடப்பதை நிறுத்தவில்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: எங்கள் பிள்ளைகள் எங்கே?

1983 டிசம்பரில் தேர்தல் வழியாக ரவுல் அல்போன்சின் ஆட்சிக்கு வந்தார். போவதற்குச் சில வாரங்கள் முன்பு இராணுவம் தனக்குத்தானே பொதுமன்னிப்புச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தது. கடன்காரனே பேரேட்டை எடுத்துத் தன் பெயரை அடித்துக்கொள்ளும் வேலை. புதிய நாடாளுமன்றம் அதை உடனே செல்லாதாக்கியது. எழுத்தாளர் எர்னெஸ்தோ சாபத்தோ தலைமையில் ஓர் ஆணையம் அமைந்து, 1984 செப்டம்பரில் அறிக்கை தந்தது. அதில் பதிவானவர்கள் ஏறத்தாழ 8,960 பேர். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண் 30,000. 1985இல் ஒன்பது படைத்தலைவர்கள் நாட்டின் குடிமை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். விதேலா, மசேரா இருவருக்கும் ஆயுள் தண்டனை, மூவருக்குக் குறைந்த தண்டனை, நால்வர் விடுதலை.

இதோடு கதை சுபமாக முடிந்திருந்தால் இம்புனிதாத் என்ற சொல் சட்டப் புத்தகத்திலேயே தூங்கியிருக்கும். முடியவில்லை. 1986 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. அறுபது நாளுக்குள் குற்றஞ்சாட்டி அழைக்கப்படாதவர்மேல் அதற்குப் பிறகு வழக்கே கிடையாது. அதற்கு மக்களிடையே வழங்கிய பெயர் 'புந்தோ ஃபினால்', முற்றுப்புள்ளி. நீதிமன்றங்கள் கோடை விடுமுறையிலும் வேலை செய்து நூற்றுக்கணக்கான அதிகாரிகள்மேல் வழக்குப் பதிந்தன. 1987 ஏப்ரலில், ஈஸ்டர் வாரத்தில், படையில் ஒரு பகுதி கலகம் செய்தது. ஜூன் மாதம் இன்னொரு சட்டம் வந்தது. மேலதிகாரி சொன்னதைச் செய்த கீழதிகாரிக்குப் பொறுப்பில்லை என்றது அது. 1989இலும் 1990இலும் அடுத்த அதிபர் மெனெம் மன்னிப்பு ஆணைகள் தந்தார். விதேலாவும் மசேராவும் வீட்டுக்குப் போனார்கள்.

இந்தச் சட்டங்களையும் ஆணைகளையும் மக்கள் சேர்த்து அழைத்த பெயர்தான் 'இம்புனிதாத் சட்டங்கள்'. சொல் நீதிமன்றத்தைவிட்டுத் தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

1995இல் அடோல்ஃபோ சிலிங்கோ என்ற முன்னாள் கடற்படை அதிகாரி, கைதிகளுக்கு மயக்க ஊசி போட்டு விமானத்திலிருந்து உயிரோடு கடலில் தள்ளியதையும், அதில் தன் பங்கையும், பத்திரிகையாளர் ஒருவரிடம் சொன்னார். அது அச்சிலும் வந்தது. நாடே படித்தது. ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி அந்தக் குற்றத்துக்காக அவரை அன்று ஒன்றும் செய்ய முடியாது. பின்னர் ஸ்பெயினில்தான் 2005இல் தண்டனை பெற்றார். குற்றம் மறைந்திருக்கவில்லை, குற்றவாளி மறைந்திருக்கவில்லை, ஆனாலும் கேட்பதற்கு வழியில்லை. 'தப்பித்தல்' என்ற சொல் இங்கே பொருந்தாது என்று நான் முன்பு சொன்னதன் பொருள் இதுதான்.

அதே காலத்தில் காணாமற்போனவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகி 'இஹோஸ்' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். சித்திரவதை செய்தவர் குடியிருக்கும் தெருவுக்கே போய், மேளம் அடித்து, இங்கே இன்னார் இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தாருக்கு அறிவித்தார்கள். அந்தச் செயலுக்கு 'எஸ்கிராச்சே' என்று பெயர். நீதிமன்றம் தராத பேனாவை, அதாவது வெட்கத்தையாவது, தெரு தரட்டும் என்பது போல இருந்தது.

சட்டத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது. தூக்கிப் போனவர்களின் கைக்குழந்தைகளைத் திருடி வேறு குடும்பங்களுக்குக் கொடுத்த குற்றத்துக்கு அந்த விலக்குகள் பொருந்தவில்லை. மாயோ சதுக்கத்துப் பாட்டிமார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோர் இல்லாத நிலையில் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டே பேரக்குழந்தையை அடையாளம் காணும் முறையை அறிவியலாரிடம் கேட்டுப் பெற்றார்கள். 1987இல் அதற்கென ஒரு தேசிய மரபணுத் தரவகம் சட்டப்படி அமைந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டுள்ளனர். அப்படி ஒரு குழந்தையின் வழக்கில், குழந்தையைத் திருடியதற்கு விசாரிக்கலாம், அதன் தாய் தந்தையரைக் கொண்டுபோனதற்கு விசாரிக்கக் கூடாதா என்ற கேள்வி எழுந்தது. 2001இல் ஒரு நீதிபதி அந்தச் சட்டங்கள் செல்லாது என்றார். 2003இல் நாடாளுமன்றம் அவற்றை இரத்துச் செய்தது. 2005 ஜூன் 14 அன்று, அதே குடும்பத்தின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விதேலா மறுபடியும் தண்டிக்கப்பட்டு 2013 மே மாதம் சிறையிலேயே இறந்தார்.

காலாவதியும் கடத்தலும்

அக்கம்பக்க நாடுகளிலும் இதே சொல்தான், ஆனால் வழக்கு வேறு வேறு. உருகுவே 1986 டிசம்பரில் ஒரு சட்டம் செய்தது. அதன் பெயரிலேயே 'தண்டிக்கும் அரசின் உரிமை காலாவதி' என்ற கருத்து இருக்கிறது. காலாவதிக்கு அவர்கள் போட்ட சொல் 'கதூசிதாத்'. ஸ்பெயினில் ரொட்டி, பால் பொட்டலங்களில் கடைசித் தேதிக்கு மேலே அச்சடிப்பதும் அந்தச் சொல்தான். சரக்குக்குக் காலாவதி உண்டு என்பது கடைக்காரனுக்குத் தெரியும். நீதிக்கும் உண்டு என்று ஒரு நாடாளுமன்றம் சொன்னது. மக்கள் கையெழுத்துச் சேர்த்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 1989இல் சட்டத்தை வைத்துக்கொள்வோம் என்ற பக்கம் வென்றது. 2009இல் மறுபடி வாக்கெடுப்பு. மறுபடியும் பாதிக்குச் சற்றே குறைந்து தோற்றது.

பெரும்பான்மை மக்களே விட்டுவிடலாம் என்ற பிறகு பேச என்ன இருக்கிறது? அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2011இல் இதற்கு விடை சொன்னது. பெரும்பான்மை வாக்கு என்பதற்காக, பாதிக்கப்பட்டவரின் நீதி பெறும் உரிமை இல்லாமற் போகாது என்றது. அவ்வாண்டே உருகுவே அரசு தண்டிக்கும் உரிமையை மீட்டுச் சட்டம் செய்தது. அடுத்தவனுக்கு வரவேண்டிய பாக்கியை ஊர் கூடிக் கைதூக்கித் தள்ளுபடி செய்ய முடியாது என்பது இதன் சாரம்.

சிலியில் பினோச்செத்தின் ஆட்சி 1978இல் பொதுமன்னிப்பு ஆணை போட்டது. 1973 செப்டம்பர் முதல் 1978 மார்ச் வரை நடந்தவை அதில் அடங்கும். பிற்காலத்தில் நீதிமன்றங்கள் ஒரு நுட்பமான வாதத்தை ஏற்றன. கொன்றதாக நிரூபணமில்லை, உடலும் இல்லை என்றால் அது இன்னும் முடியாத ஆட்கடத்தல். முடியாத குற்றம் 1978 மார்ச்சில் எப்படி முடிந்திருக்கும்? பிணத்தை மறைத்தவர்களின் சாமர்த்தியமே அவர்கள் காலில் சுற்றியது. ஆனாலும் பினோச்செத், 1998 அக்டோபரில் ஸ்பானிய நீதிபதி பல்தசார் கார்சோனின் ஆணையால் இலண்டனில் கைதாகி, 2000இல் நாடு திரும்பி, 2006 டிசம்பர் 10 அன்று எந்தத் தீர்ப்பும் வராமலே இறந்தார். அது உலக மனித உரிமை நாள்.

ஐந்து படிகள்

இச்சொல்லுக்குச் சட்டப் பொருள் வகுத்ததும் அதே மனித உரிமை நீதிமன்றம்தான். குவாத்தமாலா பற்றிய ஒரு வழக்கில், 1998 மார்ச்சில், விசாரித்தல், தொடர்தல், பிடித்தல், வழக்கு நடத்தல், தண்டித்தல் ஆகியவை மொத்தமாக இல்லாமையே இம்புனிதாத் என்று வரையறுத்தது. அதைத் தன்னிடம் உள்ள எல்லா வழியாலும் எதிர்ப்பது அரசின் கடமை, ஏனென்றால் அது குற்றம் திரும்பத் திரும்ப நடக்க வழிவிடுகிறது, பாதிக்கப்பட்டோரை ஆதரவற்றவராக்குகிறது என்றும் சொன்னது.

தண்டித்தல் இங்கே கடைசிப் படியாகத்தான் நிற்கிறது. முதற்படி விசாரித்தல், அதாவது கேட்டல். அகராதி கடைசிப் படியை மட்டும் சொன்னது. நீதிமன்றம் முதற்படியிலிருந்து எண்ணியது.

அதே குவாத்தமாலா ஐக்கிய நாடுகள் அவையோடு 2006 டிசம்பரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. 2007இல் 'இம்புனிதாதுக்கு எதிரான பன்னாட்டு ஆணையம்' வேலை தொடங்கியது. ஒரு நாட்டின் அரசு, எங்கள் ஊரில் கேட்பாரில்லை, நீங்கள் வந்து கேளுங்கள் என்று வெளியாரை அழைத்தது அபூர்வமான செய்தி. 2015இல் சுங்க வரி மோசடி ஒன்றை அந்த ஆணையமும் நாட்டின் வழக்குத் தொடுப்போரும் தோண்டியெடுக்க, அதிபர் ஒத்தோ பேரெஸ் மொலீனா பதவி விலகிச் சிறை சென்றார். பின்னர் வந்த அதிபர் ஒருவரின் காலத்தில் ஆணையத்தின் தவணை புதுப்பிக்கப்படவில்லை. 2019 செப்டம்பரில் அது மூடப்பட்டது.

சொல்லின் தாய்நாடான ஸ்பெயினின் கதையையும் விடக்கூடாது. ஃபிராங்கோ இறந்த பிறகு 1977 அக்டோபரில் அங்கே பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. 2008இல் அதே நீதிபதி கார்சோன், ஃபிராங்கோ காலத்துக் குற்றங்களை விசாரிக்க முயன்றார். அதற்காக அவரே குற்றக் கூண்டில் நிறுத்தப்பட்டு 2012இல் விடுதலையானார். வேறொரு வழக்கில் பதவியும் போயிற்று. ஸ்பானியக் குடும்பங்கள் 2010இல் அர்ஜென்டினா நீதிமன்றத்தில் போய் முறையிட்டன. ஒரு காலத்தில் அர்ஜென்டினாக்காரர்கள் ஸ்பெயினில் முறையிட்டார்கள், பிறகு ஸ்பானியர்கள் அர்ஜென்டினாவில் முறையிட்டார்கள். தன் வீட்டுப் பேரேட்டைத் தானே திறப்பதுதான் எவருக்கும் கடினம் போலிருக்கிறது.

வினையும் வழக்கும்

இனி என் மனத்தில் இருந்த தடையைச் சொல்லியாக வேண்டும். நான் சமணன். தண்டனை தர ஒரு கடவுள் உட்கார்ந்திருக்கிறார் என்று எங்கள் சமயம் சொல்வதில்லை. வினை தானே வந்து ஒட்டும், தானே பயன் தரும். அந்தக் கணக்கில் தள்ளுபடி இல்லை. அப்படி நம்பி வளர்ந்தவனுக்கு இம்புனிதாத் என்ற சொல்லே வெற்றுச் சொல்லாகத்தான் தோன்றும். எந்தச் செயலும் பயன் தராமல் போகாது எனும்போது தண்டனையில்லாக் குற்றம் ஏது? போதாததற்கு ஆண்டுதோறும் பத்து அறங்களைப் பேணும் நாட்களில் முதல் நாளே பொறுமைக்கும் மன்னிப்புக்கும் உரியது. அப்படியிருக்க, மன்னிக்காமல் நாற்பது ஆண்டு சதுக்கத்தைச் சுற்றுகிற தாய்மாரை நான் எப்படி மெச்சுவது?

பல நாள் யோசித்தேன். விளங்கியது என் கடைக் கணக்கில்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கடைக்கு வந்து, "ஐயா, என்னாலே முடியலை" என்று கண்ணீர் விட்டார். பெரிய தொகைதான். வராக்கடன் என்று எழுதிக்கொண்டேன், இன்றும் அவரைப் பார்த்தால் வணக்கம் சொல்லிப் பேசுவேன். இன்னொருவர், "எந்தப் பணம்? நான் எப்போ வாங்கினேன்?" என்றார். சின்னத் தொகை. இன்றுவரை உறுத்துவது அதுதான். இரண்டு இடத்திலும் பணம் வரவில்லை. முதலாவதை நான் விட்டேன். இரண்டாவதை விடுவதற்கு என்னிடம் எதுவுமே இல்லை, ஏனென்றால் கடனே இல்லை என்றாகிவிட்டது.

மன்னிப்பு என்பது பாக்கியை ஒப்புக்கொண்ட பிறகு வருவது. அதைத் தரும் உரிமையும் பாக்கி வரவேண்டியவருக்கே உண்டு. 'முற்றுப்புள்ளி' சட்டம் செய்தது, பதிவதற்கு முன்பே கோடு கிழித்தது. அந்தத் தாய்மாரிடம் எவரும் வந்து ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே மன்னிக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு இடமே தரவில்லை.

வினையைப் பற்றியும் ஒன்று தெளிந்தேன். வினை செய்தவனுடைய உயிரைப் பிடிக்கும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'என் பிள்ளை எங்கே' என்று கேட்கும் தாய்க்கு அது பதில் சொல்லாது. எலும்பு எந்தக் குழியில் கிடக்கிறது, பேரன் எந்தப் பெயரில் எந்த வீட்டில் வளர்கிறான் என்பதை வினை வந்து சொல்லாது. அதைச் சொல்ல விசாரணை வேண்டும், ஏடு வேண்டும், சாட்சி வேண்டும். செய்தவன் கணக்கை வினை பார்த்துக்கொள்ளும். எஞ்சியிருப்பவர் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி, "எல்லாம் அவனவன் வினை" என்று சொல்லிச் சும்மா இருப்பது அறமாகாது என்பதை, இந்த வயதில், ஒரு வேற்று மொழிச் சொல்லிடம் கற்றேன்.

தமிழில் என்ன சொல்வது

தண்டனையின்மை, தண்டனை விலக்கு, தண்டனையிலிருந்து தப்பித்தல் என்பவை நம்மிடம் உள்ளவை. எல்லாம் தண்டனையையே பார்க்கின்றன. ஆனால் நம் பேச்சு வழக்கில் இதைவிட நல்ல சொல் கிடக்கிறது. அநியாயம் நடந்து ஒன்றும் ஆகாதபோது கிராமத்துக் கிழவி என்ன சொல்வாள்? "கேக்க ஆளில்லே" என்பாள். 'கேட்பாரற்று' என்று நாமும் எழுதுகிறோம். கணக்குக் கேட்பது, வழக்குக் கேட்பது, முறை கேட்பது எல்லாம் நம் மொழியில் இந்த ஒரு வினைச்சொல்தான். ஆகவே இம்புனிதாதைக் 'கேட்பாரின்மை' என்று தமிழாக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. ஐந்து படிகளில் முதற்படியைப் பிடித்த சொல் அது. பதினான்கு பெண்கள் சதுக்கத்துக்கு வந்து கேட்ட நாளிலேயே அங்கே கேட்பாரின்மை கொஞ்சம் குறைந்தது என்றும் அதைக் கொண்டு சொல்லலாம். தீர்ப்பு வர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆனது வேறு விஷயம்.

மொழி வல்லார் இதைவிடச் சிறந்த சொல் தந்தால் மகிழ்ந்து ஏற்பேன். மலர்க்குழு அன்பர் கேட்டாரே, நமக்கும் ஸ்பானிஷ்காரனுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று. வாங்கியது இந்தச் சொல். கொடுப்பதற்கு நம்மிடம் இருப்பது அந்தக் கிழவியின் சொல்.